குண்டாற்றுப் பூகோளம்

ஆற்றங்கரையில் பிறந்தும் ஆற்றில் தண்ணீர் பார்க்காமல் வளர்ந்தவனுக்குப் பூகோள சாஸ்திரத்தில் ஒரு தனி ருசி உண்டாகிவிடுகிறது. காவேரிக்கரைக்காரர் தம்முடைய ஆற்றைத் தெரிந்துகொள்ளப் படம் பார்க்க வேண்டியதில்லை. படித்துறையில் இறங்கிக் காலை நனைத்தால் போதும். தாமிரவருணிக்காரர் சமாசாரமும் அதுதான். எங்கள் திருமங்கலத்துக்காரனுக்கோ ஆறு என்பது வருஷத்தில் பத்து மாதம் வெறும் கோடு. பாலத்தின் மேல் பஸ் போகும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் மணல் தெரியும். மணல் அள்ளின பள்ளம் தெரியும். சீமைக் கருவேல மரத்தடியில் நாலு ஆடு தெரியும். குண்டாறு என்று அதற்குப் பெயர். இந்தக் கோடு எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே போய் முடிகிறது, நடுவில் யார் யார் வந்து இதோடு சேருகிறார்கள் என்று படத்தை விரித்து வைத்துக்கொண்டு யோசிப்பதுதான் நாங்கள் ஆற்றில் குளிக்கிற குளியல்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் குண்டாறு மட்டுமல்ல. நான் சிறுவனாக இருந்த எண்பதுகளில் எங்கள் வீட்டுக்குச் 'சோவியத் நாடு' பத்திரிகை வந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு வந்தது. படிப்பதற்காக வரவழைத்தார்களா, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடுவதற்காக வரவழைத்தார்களா என்று கேட்டால், இரண்டாவதுதான் என்று தயங்காமல் சொல்வேன். அப்படி வழவழப்பான காகிதம் வேறு எதிலும் கிடைக்காது. என்னுடைய பூகோள நோட்டுக்கு வாய்த்த அட்டையில் ஒரு பெரிய அணைக்கட்டும், அதன் மேல் எறும்பு மாதிரி லாரிகளும், அதற்குப் பின்னால் கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீருமாக ஒரு படம் இருந்தது. அங்காரா நதியில் பிராத்ஸ்க் அணை என்று கீழே அச்சிட்டிருந்தார்கள். உள்ளே இருந்த பாடங்களில் ஒன்றுகூட இப்போது என் நினைவில் இல்லை. அட்டை மட்டும் இருக்கிறது.

அந்த அங்காராவின் கதை ரசமானது. சைபீரியாவில் பைக்கால் என்று ஓர் ஏரி. உலகத்தில் உறையாமல் தரைமேல் கிடக்கிற நல்ல தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு அந்த ஒரே ஏரியில் இருக்கிறது. அதற்குள் வந்து விழுகிற ஆறுகள் 336 என்று ஒரு பழைய கணக்குச் சொல்கிறார்கள். வெளியே போவது ஒன்றே ஒன்றுதான், அதுதான் அங்காரா. பைக்கால் கிழவனுக்கு அங்காரா ஒரே செல்லப் பெண்ணாம். தூரத்தில் ஓடுகிற எனிஸேயின் மேல் ஆசைப்பட்டு ஒரு ராத்திரி வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டாள். விழித்துக்கொண்ட தகப்பன் ஒரு பாறையைப் பெயர்த்து அவள் மேல் எறிந்தானாம். அந்தப் பாறை இன்றைக்கும் ஏரியிலிருந்து அங்காரா புறப்படும் இடத்தில் தண்ணீருக்கு மேல் தலை நீட்டிக்கொண்டிருக்கிறது. பெண் ஓடிப்போனாள், தகப்பன் கல்லை எடுத்தான்! எங்கள் பக்கத்துக் கதை சைபீரியாவுக்கு எப்படிப் போயிற்று என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ஓடிப்போன பெண் 1,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடி எனிஸேயோடு சேர்ந்துகொள்கிறாள். இங்கேதான் பூகோளக்காரர்களின் வழக்கு ஆரம்பமாகிறது. இரண்டும் கூடுகிற இடத்தில் எனிஸேயைவிட அங்காராவில்தான் தண்ணீர் அதிகம். தண்ணீர்க் கணக்குப் பார்த்தால் எனிஸேதான் அங்காராவின் துணையாறு. ஆனால் கூடலுக்கு அப்புறம் வடதுருவக் கடல் வரைக்கும் ஓடுவது எனிஸே என்ற பெயர்தான். புருஷன் வீட்டுக்குப் போனவள் பெயரை இழந்துவிட்டாள். பக்கத்தில் ஓப் என்று இன்னொரு மகாநதி. அதன் துணையாறான இர்திஷ், ஓப் நதியைவிட நீளம். எது தாய் ஆறு, எது துணையாறு என்பதைத் தண்ணீரும் தீர்மானிப்பதில்லை, நீளமும் தீர்மானிப்பதில்லை. பெயர் வைத்தவன் முதலில் எந்தக் கரைக்கு வந்து சேர்ந்தான் என்பதுதான் தீர்மானிக்கிறது போலிருக்கிறது.

எனிஸேயிடம் இன்னொரு வினோதம். பெரிய துணையாறுகள் எல்லாம் வலது கைப்பக்கமே வந்து சேருகின்றன: அங்காரா, கல் துங்குஸ்கா, கீழ்த் துங்குஸ்கா. இடது பக்கம் சொல்லும்படி ஒன்றும் இல்லை. 1908 ஜூன் 30-ஆம் தேதி ஆகாயத்திலிருந்து எதுவோ வந்து வெடித்து ஒரு பெருங்காட்டையே படுக்க வைத்ததே, அது இந்தக் கல் துங்குஸ்காப் பக்கந்தான். ஆறு வடக்கே ஓடுவதால் இன்னொரு சங்கடமும் உண்டு. வசந்தம் வந்தால் தெற்கே இருக்கிற தலைப்பகுதியில் பனி முதலில் உருகும். வடக்கே வால்பகுதி இன்னும் கட்டியாக உறைந்து கிடக்கும். உருகின தண்ணீர் போக வழியில்லாமல் பனிக்கட்டி அணையில் முட்டிக் கரை புரளும். வெயில் வந்தால் வெள்ளம் வரும் என்பதை என்னைப் போன்ற மதுரை ஜில்லாக்காரன் மூளையில் ஏற்றிக்கொள்ளக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

ஒரு நாள் வேலையற்ற வேளையில் ஒரு கணக்குப் போட்டேன். எனிஸே கடலில் கொட்டுகிற தண்ணீரைத் திருப்பி நம் வைகை அணைக்குள் விட்டால், 71 அடி அணை எத்தனை நேரத்தில் நிரம்பும்? மூன்று மணி நேரங்கூட ஆகவில்லை. சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் அணை வழிந்துகொண்டிருக்கும். காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இப்படிப்பட்ட கணக்கு மனசுக்கு நல்லதல்ல.

சைபீரியா போதும், ஊருக்கு வருகிறேன்.

வைகையும் முதலில் வடக்கே ஓடுகிற ஆறுதான். இதைச் சொன்னால் மதுரைக்காரர்களே நம்புவதில்லை. வருசநாட்டு மலையில் பிறந்து, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு என்று வடக்கு நோக்கியே வருகிறது. தேனிப் பக்கத்தில் மேற்கேயிருந்து சுருளியாறு வந்து கலந்த பிறகுதான் கிழக்கே திரும்புகிறது. அப்புறம் சோழவந்தான், மதுரை, மானாமதுரை, பரமக்குடி என்று தென்கிழக்காகப் போகிறது. மொத்தம் 258 கிலோமீட்டர். எனிஸே வலது கையால் வாங்குகிற ஆறென்றால் வைகை இடது கையால் வாங்குகிற ஆறு. வராகநதி, மஞ்சளாறு, மருதாநதி, சிறுமலையாறு, சாத்தையாறு எல்லாம் பழனி மலை, சிறுமலை, அழகர்மலைத் திசைகளிலிருந்து இடப்பக்கமே வந்து சேருகின்றன. வலப்பக்கம் நாகலாறு போலச் சின்னதுகள்தாம்.

ஆனால் வைகையின் பெரிய துணையாறு இந்தப் பட்டியலிலேயே இல்லை. அது மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பெரியாறு மேற்கே ஓடி அரபிக் கடலில் விழப் பிறந்த ஆறு. அதைக் கிழக்கே திருப்பினால் என்ன என்று முதலில் ஆள் அனுப்பிப் பார்த்தது மதுரைக்காரர்களோ கம்பத்துக்காரர்களோ இல்லை. வைகையின் வால்முனையில் இருந்த இராமநாதபுரத்துக்காரர்கள். சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789-ல் அதைப் பார்க்கச் செய்து, செலவுக்குப் பயந்து விட்டுவிட்டார். கடைமடைக்காரனுக்குத்தான் தலைமடை ஞாபகம் இருக்கும். பிறகு திருவிதாங்கூரோடு 1886-ல் 999 வருஷக் குத்தகை எழுதி, கர்னல் பென்னிகுயிக் காட்டிலும் காய்ச்சலிலும் எட்டு வருஷம் கிடந்து அணை கட்டி, ஒரு மைலுக்கு மேல் மலையைக் குடைந்து, 1895 அக்டோபரில் தண்ணீர் இந்தப் பக்கம் விழுந்தது. வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றில் கலந்து, வைகைக்கு வந்தது. பெயர் வைகை, ஆனால் சோழவந்தான் தென்னைக்கும் மேலூர் நெல்லுக்கும் பாய்கிற தண்ணீரில் பெரும் பங்கு கேரளத்துக் காட்டு மழை. அங்காராவின் கதை இங்கேயும் நடந்திருக்கிறது. இவளைக் கூட்டிவந்தவன் ஒரு வெள்ளைக்காரன் என்பதுதான் வித்தியாசம்; கிழவன் எறிந்த கல்லுக்குப் பதில் வக்கீல் நோட்டீசுகள் பறக்கின்றன.

வைகை பிறக்கிற அதே வருசநாட்டு மலையின் கிழக்கு முதுகில், சாப்டூர்ப் பக்கத்தில் விழுகிற மழைதான் எங்கள் குண்டாறு. மலையின் அந்தப் பக்கம் விழுந்த துளிக்குப் பரிபாடல் கிடைத்தது, சித்திரைத் திருவிழா கிடைத்தது, அழகர் வந்து இறங்குகிறார். இந்தப் பக்கம் விழுந்த துளிக்குப் பேரையூரும் திருமங்கலமும் கிடைத்தன. மீனாட்சி கல்யாணத்துக்குத் திருமாங்கல்யம் செய்த ஊர் என்பதால் திருமங்கலம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அந்தக் கல்யாணப் பந்தியில் சோறெல்லாம் தின்று தீர்த்த குண்டோதரனுக்குத் தாகம் எடுத்து, சிவபெருமான் கையை வைக்கச் சொல்லி வைகை வந்த கதை எல்லோருக்கும் தெரியும். அவன் குடித்து மிச்சம் வைத்ததுதான் குண்டாறு என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு. இது என் சொந்தச் சரக்கு, தலபுராணத்தில் தேடாதீர்கள். எங்கள் ஊர்ப் பெயரை நாடு முழுவதும் தெரிந்துகொண்டதும் ஆற்றினால் அல்ல. 2009-ல் நடந்த ஓர் இடைத்தேர்தலினால். அந்தப் பெருமையைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

குண்டாற்றுக்குப் பெரியாறு போலக் கொடுத்து வைத்த துணை ஒன்றும் கிடையாது. தெற்காறு, கானல் ஓடை, கிருதுமால் நதி என்று வருகிறவை எல்லாம் குண்டாற்றைப் போலவே வானம் பார்த்தவை. 'கானல்' ஓடை என்று பெயர் வைத்தவன் எந்த மாதத்தில் நின்று வைத்தான் என்று யோசித்துப் பாருங்கள்! உண்மையில் குண்டாற்றின் துணையாறுகள் ஆறுகளே அல்ல, கண்மாய்கள். மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும்; அது நிறைந்து அதற்கடுத்ததற்கு. இப்படிப் படி இறங்கி வந்து, எல்லோரும் வயிறு நிறைந்து மிஞ்சியதுதான் ஓடையாகி ஆற்றுக்கு வரும். பந்தியில் கடைசி இலை ஆற்றுக்கு. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்றால் சுற்றுவட்டாரக் கண்மாய் எல்லாம் பெருகிவிட்டது என்று அர்த்தம். ஆற்றில் வராததற்காக அழுகிறவர்களுக்கு இந்த விவரம் தெரிவதில்லை.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஊருக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் நீர்பாய்ச்சியாக இருந்த ஒரு பெரியவர். மடை திறப்பதும், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று முறை பிரிப்பதும், மறுகாலைக் காவல் காப்பதும் அவர் குடும்பத்தின் தொழில். கூலி என்று கிடையாது, களத்துமேட்டில் நெல். கண்மாய் பெருகாத வருஷங்கள் கூடி, நெல் அளப்பதும் நின்று, பிள்ளைகள் கப்பலூர்ப் பக்கம் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும் அவர் மட்டும் மம்பட்டியை எண்ணெய் போட்டு வைத்திருந்தார். எழுத்தாளன் ஒருவன் தம்மிடம் வந்து ஓடைகளின் பெயரைக் கேட்பது அவருக்கு வேடிக்கை. ஆற்று மணலில் உட்கார்ந்து, குச்சியால் கோடு இழுத்து, "இது குண்டாறுன்னு வச்சுக்க தம்பி. இதுக்கு மேக்க இந்தக் கம்மா. அது மறுகா போனா இப்பிடி வந்து இதுல ஏறும். இது ஒடஞ்சா இந்த ஊரு" என்று சொல்லிக்கொண்டே போவார். அரைமணி நேரத்தில் மணலில் வேப்பிலைக் கொத்து மாதிரி ஒரு படம் வந்துவிடும். நான் அச்சில் பார்த்த எந்தப் படத்திலும் அவ்வளவு நரம்பு இல்லை.

அந்தப் படம் என் குடும்பத்துக்குள் ஒரு மனத்தாங்கலைக் கொண்டுவந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

என் தங்கையின் வீட்டுக்காரர் ஏழு வருஷத்துக்கு முன்பு ஊருக்கு வெளியே ஒரு மனை பார்த்தார். நல்ல மனிதர், சம்பாத்தியத்தைக் கையில் பொத்திப் பொத்தி வைத்துச் சேர்த்தவர். "முப்பதடி ரோடு மச்சான். போர் போட்டா நல்ல தண்ணி. பஸ் ஸ்டாண்டுக்குப் பத்து நிமிஷம்" என்றார். முன்பணமும் கொடுத்துவிட்டார். ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம் என்று என்னையும் கூட்டிப் போனார். வழியில் பெரியவர் டீக்கடையில் இருந்தார். அவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டோம். இடம் அருமையாகத்தான் இருந்தது. புல்டோசர் விட்டு மேசை மாதிரி நிரவி, மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் நட்டிருந்தார்கள். பெரியவர் மட்டும் இறங்கினதிலிருந்து ஒன்றும் பேசாமல் மேற்கே பார்ப்பதும் கிழக்கே பார்ப்பதுமாக இருந்தார். பிறகு ஒரு கல்லின் மேல் காலை வைத்துக்கொண்டு, "தம்பி, இது வரத்துக்கால்" என்றார்.

"எது ஐயா?"

"நாம நிக்கிறது. மேலக் கம்மா மறுகா பாஞ்சா தண்ணி இந்த வழியாத்தான் ஆத்துக்குப் போவணும். வேற தடம் கெடையாது."

மனை விற்கிறவரின் ஆள் சிரித்தார். "அதெல்லாம் அந்தக் காலம் பெரியவரே. அந்தக் கம்மாயில தண்ணி நின்னு எத்தனை வருஷமாச்சு? நீங்களே சொல்லுங்க."

"ஆச்சு, பதினஞ்சு பதினாறு வருஷம்" என்று ஒப்புக்கொண்டார் பெரியவர்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? வரலேங்கறேன். வராதுன்னா சொன்னேன்?"

அவ்வளவுதான் பேச்சு. நான் கிராமக் கணக்கில் பழைய புலப்படத்தைத் தேடிப் பார்த்தேன். இரண்டு மெல்லிய கோடுகள் சேர்ந்தாற்போல அந்த இடத்தின் குறுக்கே போயின. பக்கத்துப் பகுதிக்கு நீர்வழிப் புறம்போக்கு என்று பெயர் இருந்தது. இந்தப் பகுதிக்குப் பட்டா இருந்தது. எப்படி இருந்தது என்று கேட்பதற்கு நான் யார்? வில்லங்கச் சான்றில் வில்லங்கம் ஒன்றும் இல்லை. தண்ணீர் பத்திரப் பதிவு ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போடுவதில்லையே! மாப்பிள்ளையிடம் படத்தைக் காட்டி, "வேண்டாம்" என்றேன். அவர் ரொம்ப நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விட்டுவிட்டார். முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது.

இன்றைக்கு அந்த இடத்தில் பதினோரு வீடு இருக்கிறது. நான் எண்ணவில்லை, மாப்பிள்ளை எண்ணிச் சொல்கிறார். பைக்கில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எண்ணுகிறார். வாசலில் கோலம், மாடியில் தண்ணீர்த் தொட்டி, ஒரு வீட்டில் முல்லைக்கொடி. மனை விலை மூன்று பங்கு ஏறிவிட்டது. இந்த ஏழு வருஷத்தில் ஒரு ஐப்பசியிலாவது மேலக் கண்மாய் மறுகால் பாயவில்லை. இரண்டு தடவை கண்மாயில் பாதி நின்றது, அவ்வளவுதான். தங்கை ஒரு தீபாவளிக்கு வந்திருந்தபோது, இலை போட்டுக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "வராத தண்ணிக்குப் பயந்து வந்த எடத்த விட்டுட்டோம்ணே." அவர்கள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள்.

என் அபிப்பிராயம் மாறவில்லை. பெரியவர் சொன்னதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நான் ஜெயிக்க வேண்டுமென்றால் அந்தப் பதினோரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் புக வேண்டும். முல்லைக்கொடி வைத்திருக்கிற அந்த அம்மாளின் அரிசி டின் மிதக்க வேண்டும். கார்த்திகை மாதத்தில் மேற்கே இடி இடித்தால் நான் என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். மழை வேண்டும் என்று கேட்காத திருமங்கலத்துக்காரன் உண்டா? கண்மாய் பெருக வேண்டாம் என்று கேட்கிறவன்தான் உண்டா?

இந்தக் குண்டாற்று வட்டாரத்தில் ஒரு விசேஷம் கவனித்திருக்கிறேன். தண்ணீர் எவ்வளவுக்கு எவ்வளவு குறைவோ, வெள்ளக் கதை அவ்வளவுக்கு அவ்வளவு பெரிது. மதுரை ஊருக்குள் ஓடுகிற கிருதுமால் நதியை எடுத்துக்கொள்ளுங்கள். கூடலழகருக்கு மாலை போலக் கிடந்ததால் கிருதமாலை என்று பெயர் சொல்வார்கள். பாகவதத்தில் வருகிற ஆறு. சத்தியவிரத ராஜா அதில் நின்று தர்ப்பணம் செய்யும்போதுதான் கையில் ஒரு குட்டி மீன் வந்து விழுந்தது. அந்த மீன் வளர்ந்து வளர்ந்து, உலகத்தை மூடப்போகிற பிரளயத்தைப் பற்றி எச்சரித்து, அவனைக் காப்பாற்றிற்று. மச்சாவதாரம் நடந்த அந்த நதியை இன்று மதுரையில் பார்த்தால் சாக்கடை என்றே நினைப்பீர்கள். பார்க்கிறவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. மதுரையைத் தாண்டி வயல்வெளிக்கு வந்துதான் அது மூச்சு விடுகிறது. கடைசியில் கமுதி வட்டாரத்தில் குண்டாற்றோடு சேர்கிறது.

குண்டாற்றங்கரைத் திருச்சுழியிலும் பிரளயக் கதைதான். 1879-ல் ரமணர் பிறந்த ஊர் என்று அதை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். உலகை அழிக்க வந்த வெள்ளத்தை அங்கே சிவபெருமான் சூலத்தால் பூமியைக் குத்தி, சுழித்து உள்ளே இறங்கச் செய்தாராம், அதனால் சுழியல். வைகைக் கரையில் பிட்டுக்கு மண் சுமந்ததும் வெள்ளத்தை அடைக்கத்தான். மூன்று பிரளயமும் எங்கள் மாதிரி காய்ந்த பூமிக்கே வந்து சேர்ந்திருக்கின்றன. வைகை கடலுக்குப் போகாமல் இராமநாதபுரம் பெரிய கண்மாயிலேயே நின்றுவிடுவதற்குக்கூட ஒரு காரணம் கற்பித்தார்கள்: கடல் சிவனுக்கு நஞ்சு கொடுத்ததாம், அதனால் சிவபக்தியுள்ள வைகை அதன் முகத்தில் விழிக்காதாம். இல்லாமையை இவ்வளவு கௌரவமாகச் சொல்ல எங்கள் ஊர்க்காரர்களால்தான் முடியும்.

ஆற்றைத் திருப்பிவிடுகிற ஆசையும் தண்ணீர் இல்லாதவனின் ஆசைதான். ஓப், இர்திஷ் தண்ணீர் வீணாக வடதுருவக் கடலில் போய் உறைகிறது, அதைத் தெற்கே திருப்பி உஸ்பெக்கிஸ்தான் பருத்திக்கு விடலாம் என்று சோவியத் எஞ்சினீயர்கள் பல வருஷம் திட்டம் போட்டார்கள். எதிர்த்து எழுதியவர்களில் கதைக்காரர்கள் முன்னால் நின்றார்கள். ஸெர்கேய் ஸலீகின் நீரியல் படித்துவிட்டு நாவல் எழுத வந்தவர். வலென்தின் ரஸ்பூதின் அங்காராக் கரையில் பிறந்தவர். 1986-ல் அரசாங்கம் திட்டத்தைக் கைவிட்டது. என் பூகோள நோட்டு அட்டையில் லாரி ஊர்ந்த பிராத்ஸ்க் அணை இருக்கிறதே, அதன் தண்ணீரில் ரஸ்பூதினின் சொந்தக் கிராமம் பழைய இடத்தை விட்டுப் பெயர வேண்டியிருந்தது என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அங்காராவின் நடுவே ஒரு தீவு மூழ்கப்போவதைப் பற்றி அவர் 1976-ல் ஒரு நாவல் எழுதினார். 1959-ல் முடிந்த வைகை அணைக்குள் போன கிராமங்களுக்கும் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' வந்தது. நோட்டு அட்டைக்கு உள்ளே அல்ல, அடியில் இருந்ததுதான் பாடம் போலும்.

அதற்காக, திருப்புவதே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பெரியாற்றைத் திருப்பினதனால்தான் எங்கள் ஜில்லா சோறு தின்கிறது. 2021 பிப்ரவரியில் காவேரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு அடிக்கல் நாட்டினார்கள். மாயனூரிலிருந்து 262 கிலோமீட்டர். காவேரி வெள்ளக் காலத்தில் மிஞ்சுகிறதைப் புதுக்கோட்டை, சிவகங்கை வழியாகக் கொண்டுவந்து வைகையைத் தாண்டிக் குண்டாற்றில் விடுவது. அன்றைக்குப் பத்திரிகையில் குண்டாறு என்ற பெயரைத் தலைப்பில் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷம். மூன்று பெயரில் கடைசிப் பெயர் என்றாலும் பெயர் பெயர்தானே. பெரியவரிடம் வாசித்துக் காட்டினேன். "காவேரித் தண்ணியா? நம்ம கம்மாய்க்கா?" என்று கேட்டார். கால்வாய் எங்கள் ஊருக்கு வெகுதூரம் கிழக்கே ஆற்றைத் தொடுகிறது என்று விளக்கினேன். "அப்பக் கமுதிக்காரனுக்கு யோகம்" என்றார். பொறாமை இல்லை, கடைமடைக்காரனுக்கு முதல் தண்ணீர் வருவது அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

அவர் போய் இரண்டு வருஷமாகிறது. கமுதிக்குக் கீழே அவர் ஆற்றைப் பார்த்ததில்லை. சேதுபதி ராஜாக்கள் வெட்டின ரகுநாத காவிரி குண்டாற்றிலிருந்து பிரிகிறதே, அதுவரைக்கும் இளம் வயதில் மாடு பிடிக்கப் போயிருக்கிறாராம். "அதுக்கங்கிட்டு எங்க போகுதுன்னு நீ போய்ப் பாத்துச் சொல்லு" என்று என்னிடம் இரண்டொரு முறை சொன்னார்.

இந்தப் பங்குனியில் மாப்பிள்ளையே கார் எடுத்துக்கொண்டு, "வாங்க மச்சான், ஒங்க ஆறு எங்கதான் முடியுதுன்னு பாத்துட்டு வந்துருவோம்" என்றார். திருச்சுழிப் பாலத்தில் ஒரு முறை இறங்கினோம், மணல். கமுதியில் ஆற்றங்கரைக் கோட்டையைச் சுற்றிவந்து எட்டிப் பார்த்தோம், கருவேலங்காடு. 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை வெட்டச் சொல்லி உத்தரவு போட்டபோது ஊருக்கு ஊர் வெட்டினார்கள். மரம் நீதிமன்ற உத்தரவைப் படித்ததாகத் தெரியவில்லை. முதுகுளத்தூர் தாண்டினால் பனை. பிறகு உப்புக்காற்று. 150 கிலோமீட்டர் அளவுக்கு வந்த ஆறு மூக்கையூரில் மன்னார் வளைகுடாவைப் பார்க்கிறது. சந்தியாகப்பர் கோயில், மீன்பிடித் துறைமுகம், வெள்ளை மணல்.

முகத்துவாரம் என்று காட்டிய இடத்தில் தண்ணீர் இருந்தது! நீளமாக, அசையாமல், பச்சையாக. மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பினார். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் சிரித்தார்.

"அது கடல் தண்ணி சார். ஏத்தத்துல உள்ள வந்து நிக்குது. ஆத்துத் தண்ணி எப்பவாச்சும்தான் வரும். வந்தா இந்த மணமேட்டை வெட்டிக்கிட்டுப் போயிரும்."

"எப்ப வந்துச்சு?" என்று மாப்பிள்ளை கேட்டார். அவர் குரலில் என்ன இருந்தது என்று எனக்குப் புரிந்தது. மனைக்கல்லின் மேல் காலை வைத்து நின்ற பெரியவரைப் பற்றித்தான் அவரும் நினைத்துக்கொண்டிருந்தார்.

வலைக்காரர் விரலை மடக்கிப் பார்த்து, மூத்த மகள் சடங்கான வருஷம் என்றார். கருவேல முள்ளும், செத்த ஆடும், பிளாஸ்டிக் குடமுமாக இரண்டு நாள் வந்துகொண்டே இருந்ததாம். மேற்கே எந்த ஊர்க் கண்மாய் உடைந்ததோ என்று இவர்கள் பேசிக்கொண்டார்களாம்.

"அந்த வருஷம் எறா நல்லாப் பட்டுச்சு" என்றார். "நல்ல தண்ணி கலந்தாத்தான் சார் எறா ஏறும். அதுக்கப்புறம் சரியாவே இல்ல. ஒங்க ஊர்ப்பக்கம் மழை எப்பிடி?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "பரவால்ல, இந்த வருஷம் கொஞ்சம் பேஞ்சிருக்கு" என்று அவரே பதில் சொன்னார். அரைக் கிலோ எறா வாங்கினோம். சாயல்குடி வழியாகத் திரும்பி வரும்போது அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு அருப்புக்கோட்டை நெருங்குகையில், கள்ளிக்குடிப் பக்கம் மேட்டில் ஒரு மனை சொல்லியிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழைய புலப்படத்தை எடுத்துக்கொண்டு வர முடியுமா என்று கேட்டார்.